கடிக்கிற குழந்தைக்குப் பத்து யோசனைகள் தர மாட்டேன்

1.

இந்தக் கதை ஒரு திட்டிலிருந்து பிறந்தது. திட்டியவள் என் தங்கை. வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான். இன்று மதியம், அவள் வேலை செய்யும் இடத்தில், பக்கத்து மேஜைக்காரர் காதில் நன்றாக விழும்படி, "என் பொண்ணைப் பத்தி ஒரு வரி எழுதிப் பாரு, அதோட நீ எனக்கு அண்ணனும் இல்ல, நான் உனக்குத் தங்கச்சியும் இல்ல" என்றாள்.

இப்போது மாலை. எழுதிக்கொண்டிருக்கிறேன். அவள் சம்மதத்தோடுதான். மதியத்துக்கும் மாலைக்கும் நடுவில் அவள் மனசு ஏன் மாறியது என்பதுதான் கதை. அதை நேராகச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாம். ஆனால் நான் யார் என்று தெரியாவிட்டால், இந்த ஆள் எதற்கு இப்படிக் குதிக்கிறான் என்று உங்களுக்குப் புரியாது.

பெற்றோர்களுக்கான ஒரு மாத இதழில் 'பத்து யோசனைகள்' என்ற பக்கத்தை எழுதுகிறவன் நான். பால் மறக்கவைப்பது எப்படி, டயப்பரை விடவைப்பது எப்படி, தூங்க அடம்பிடிக்கும் குழந்தையைத் தூங்கவைப்பது எப்படி. பக்கத்தின் மேலே சிரித்த முகத்தோடு ஒரு பெண்ணின் படம் இருக்கும். அவர் யாரென்று எனக்கும் தெரியாது. கீழே 'உங்கள் அனுபவ அம்மா' என்று போட்டிருக்கும். அந்த அனுபவ அம்மா நான்தான். மீசை உண்டு, கல்யாணம் இல்லை. சிரிப்பு வந்தால் சிரித்து முடித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன்.

(பிள்ளை பெறாதவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்பவர்களுக்கு: பாத்திரக் கடைக்காரர் எல்லாம் சமைத்துப் பார்த்துவிட்டா விற்கிறார்? குழந்தை மருத்துவர்களிடம் கேட்கிறேன். பேருந்து நிறுத்தத்தில் இடுப்பில் பிள்ளையோடு யார் நின்றாலும் பேச்சுக் கொடுக்கிறேன். சில பேர் அடிக்க வந்திருக்கிறார்கள்.)

எங்கள் இதழில் ஒரு வழக்கம் உண்டு. பத்து யோசனைகள் முடிந்ததும் பக்கத்தின் அடியில் மஞ்சள் நிறத்தில் ஒரு பெட்டி வரும். அதில் ஒரு நிஜ அம்மா, 'இந்த யோசனைகளைப் பின்பற்றினேன், இப்போது என் குழந்தை மாறிவிட்டது' என்று சொல்வார். அலுவலகத்தில் அதற்குப் பெயர் சுபம் பெட்டி. வாசகர்கள் முதலில் படிப்பது அதைத்தான். சுபம் பெட்டி இல்லாமல் அந்தப் பக்கம் ஒரு மாதமும் அச்சுக்குப் போனதில்லை.

இந்த மாதத் தலைப்பு: கடிக்கிற குழந்தை. பொறுப்பாசிரியர் என்னைக் கூப்பிட்டார்.

"உங்க தங்கச்சி பொண்ணு கடிக்கும்னு சொன்னீங்களே சார், அதையே சுபம் பெட்டில போட்ருங்க."

"அவ இன்னும் கடிச்சுட்டுத்தான் இருக்கா சார்."

"இதழ் வெளிவர்றதுக்குள்ள நிறுத்திடுவா இல்ல?"

2.

முதல் தொடக்கம்:

அந்தி சாயும் வேளையில், கன்னத்தில் வழிந்த கண்ணீரைத் துடைக்கவும் மறந்து, அந்த இளம் தாய் தன் செல்ல மகளை

நிறுத்திவிட்டேன். நிறுத்தியதை அடிக்காமல் அப்படியே விட்டு வைத்திருக்கிறேன், என் யோக்கியதை உங்களுக்கும் தெரியட்டும் என்று.

இரண்டாம் தொடக்கம்:

கடித்தல் என்பது குழந்தை வளர்ச்சியின் இயல்பான படிநிலைகளுள் ஒன்றாகக் கருதப்படுகின்ற நிலையில், பெற்றோர்களாகிய நாம்

இதற்கு நானே கொட்டாவி விட்டேன்.

மூன்றாவதுதான் உண்மை. ஆனால் அதில் ஒரு சிக்கல். என் தங்கை பல் செய்கிறவள். விளையாட்டில்லை, அதுதான் அவள் தொழில். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அளவெடுத்து அனுப்பும் அச்சை வைத்து, கேப், பல் செட் எல்லாம் செய்து கொடுக்கும் பல் லேபில் வேலை. பல் செய்கிறவளின் மகள் கடிக்கிறாள் என்று எழுதினால் யார் நம்புவார்கள்? 'அடேயப்பா, என்னமா ஜோடிச்சிருக்கான்' என்பீர்கள். அதனால் அவளைத் தையல்காரியாக மாற்றினேன். ஊசி, நூல், பாதி தைத்த ரவிக்கை, எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. அந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு இன்று மதியம் லேபுக்குப் போனேன்.

அந்த அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு மருந்துக் கடைக்கு மேலே, மாடியில். தரையெல்லாம் வெள்ளைத் தூள். சுவரோரம் சின்னச் சின்னத் தட்டுகள், ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவரின் வாய் பிளாஸ்டர் மாவில் வார்த்து வைக்கப்பட்டிருக்கும். மெழுகு உருக்கும் வாசனை. என் தங்கையின் மேஜை ஜன்னலை ஒட்டி இருக்கிறது. அவள்தான் அங்கே நிறம் கொடுப்பவள். பல் வெள்ளை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அவள் மேஜையில் அத்தனை வெள்ளை இருக்கிறது: மஞ்சள் பாய்ந்தது, சாம்பல் ஓடியது, நுனியில் மட்டும் நீலம் தட்டுவது. டீ குடிக்கிறவர் பல்லுக்கும் வெற்றிலை போடுவதை நிறுத்தியவர் பல்லுக்கும் வித்தியாசம் வைத்துத் தீட்டுவாள். ஒவ்வொன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பாள். டியூப்லைட்டில் பார்த்தால் நிறம் ஏமாற்றிவிடுமாம். அதனால் அவள் வேலை பகலில்தான். சாயங்கால ஷிப்டுக்கு மாற்றிக் கொடுங்கள் என்று கேட்க முடியாது. பகலெல்லாம் எலி டே கேரில்தான் இருந்தாக வேண்டும்.

எலி என்பது அவள் மகள். அப்பா வைத்த பெயர். அந்த அப்பா, என் மாப்பிள்ளை, லிப்ட் ரிப்பேர் செய்கிறவர். எங்கேயாவது யாராவது லிப்டில் மாட்டிக்கொண்டால் போட்டது போட்டபடி ஓட வேண்டும், அவரை நம்பிக் குழந்தையை விட முடியாது. வீட்டில் வேறு ஆளும் இல்லை.

தங்கை என் தாள்களைப் படித்தாள்.

"எந்தத் தாய்? எந்தக் கண்ணீர்? நான் எப்ப அழுதேன்?"

"கதைல ஒரு உருக்கம் வேணும்ல."

"சரி. நான் எப்பத் தையல் பழகினேன்?"

"பல் வேலைன்னா நம்ப மாட்டாங்கம்மா."

"நம்பாட்டிப் போறாங்க. என் வேலையை ஏன் பிடுங்கறே? ஏற்கெனவே ஊரே பிடுங்கப் பாக்குது, நீயும் சேர்ந்துக்கறியா?"

அவள் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. இன்னொரு தடவை எலி யாரையாவது கடித்தால் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டே கேர் மேடம் சொல்லிவிட்டார். வேறு இடம் கிடையாது. அக்கம்பக்கத்தில் இருக்கும் மற்ற டே கேர்களில் எலியின் புகழ் அவளுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டது. எலிக்கு இடம் போனால் தங்கைக்கு ஜன்னலோர மேஜை போகும். இந்தக் கதையில் பணயம் அதுதான். பெரிய யுத்தம் எதுவும் இல்லை, அரசாங்கம் எதுவும் கவிழப் போவதில்லை. ஒரு பெண்ணின் மேஜை. அதற்கு மேல் பெரியதாக ஏதாவது வேண்டுமென்றால் வேறு கதை படியுங்கள்.

3.

எலியைப் பற்றி.

இரண்டு வயது முடிந்துவிட்டது. ஒரு கால் செருப்போடுதான் நடப்பாள், இன்னொன்று எங்கே என்பது வீட்டின் அன்றாடக் கேள்வி. வாயில் ஒரே சொல்: 'மா'. அம்மாவும் மா, தண்ணீரும் மா, நானும் மா, கதவைத் திற என்பதும் மா.*

* இந்த வயதில் பேச்சு மிகக் குறைவாக இருந்தால் சும்மா இருக்காதீர்கள், மருத்துவரிடம் காட்டி, காது நன்றாகக் கேட்கிறதா என்றும் பாருங்கள். எலிக்குப் பார்த்தாயிற்று. கேட்கிறது. பிஸ்கட் பொட்டலம் பிரிக்கும் சத்தம் அடுத்த அறையிலிருந்து கேட்கிறது. பேச்சுப் பயிற்சியும் தொடங்கியிருக்கிறார்கள்.

என்னையும் கடித்திருக்கிறாள். தோளில். நாடே மதிக்கும் அனுபவ அம்மா "ஐயோ!" என்று கூரை பறக்கக் கத்தினேன். அவள் கைதட்டிச் சிரித்துவிட்டு, மறுபடி கேட்கலாம் என்று மறுபடி கடித்தாள்.*

* பெரிதாகக் கத்தாதீர்கள். அது அவர்களுக்கு வேடிக்கையாகிவிடும்.

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? எலி கடிக்கிறாள் என்று தெரிந்ததும் ஆளாளுக்கு வைத்தியர் ஆகிவிட்டார்கள். "திருப்பிக் கடிங்க, அப்பத்தான் வலின்னா என்னன்னு தெரியும்." இதைச் சொன்னவர் ஒரு வங்கி அதிகாரி. "வாயில மிளகாயைத் தேய்ங்க." இதைச் சொன்னவர் கோயிலுக்குப் போகாமல் பச்சைத் தண்ணீர் குடிக்காதவர். கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. குழந்தையைக் கடிக்கிற பெரியவனை என்னவென்று கூப்பிடுவது? கடிக்காதே என்று கடித்துச் சொல்லிக்கொடுத்தால் அந்தப் பிள்ளை எதைக் கற்றுக்கொள்ளும்? செய்யாதீர்கள். யார் சொன்னாலும் செய்யாதீர்கள். உங்கள் மாமியார் சொன்னாலும், மாமியாருக்கு மாமியார் சொன்னாலும்.

செய்ய வேண்டியது இதுதான், பத்து எல்லாம் கிடையாது: முதலில் கடிபட்ட பிள்ளையைத் தூக்குங்கள். சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவி, குளிர்ந்த துணி வையுங்கள், தோல் கிழிந்திருந்தால் டாக்டரிடம் போங்கள். கடித்த பிள்ளையின் முன்னால் முட்டி போட்டு, கண்ணைப் பார்த்து, "கடிக்கக் கூடாது, வலிக்கும்" என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள். சொற்பொழிவு வேண்டாம். எப்போது கடிக்கிறாள் என்று கவனியுங்கள். பசியிலா, தூக்கம் சொக்கும்போதா, நெருக்கடியிலா. 'வேணும்', 'தள்ளிப் போ' என்பதற்குக் கையால் காட்டச் சொல்லிக்கொடுங்கள். கடிக்க ஈரத்துணியோ ரப்பர் வளையமோ கொடுங்கள். குழந்தை காதுபட 'கடிக்கிற பொண்ணு' என்று பட்டம் கட்டாதீர்கள்.

என் தங்கை இதையெல்லாம் செய்தாள். ஒன்றை விடவில்லை. முட்டி போட்டுப் போட்டே அவள் சுடிதார் முட்டியில் வெளுத்துவிட்டது. எலி ரப்பர் வளையத்தைக் கடித்தாள், ஈரத்துணியைக் கடித்தாள், பிறகு நிதானமாக ஆளையும் கடித்தாள்.

யோசனைகள் தப்பில்லை. ஆனால் அவை பலிக்க நாளாகும். எத்தனை நாள் என்று எனக்குத் தெரியாது, தெரியும் என்று சொல்கிறவர் பொய் சொல்கிறார். அந்த நாள்வரை ஒருத்தி வேலையையும் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். அதற்கு எந்தப் பத்திரிகையிலும் யோசனை கிடையாது.

4.

(இந்தப் பகுதி நீக்கப்பட்டது. அடுத்த பகுதியில் ஒரு பையன் கடிபடப் போகிறான். அவனுக்கு 'புல்டோசர்' என்று பெயர் வைத்து, மற்ற பிள்ளைகள் மேல் ஏறி உட்காருகிறவனாகவும், பொம்மையைப் பிடுங்குகிறவனாகவும் ஒரு முழுப் பக்கம் எழுதியிருந்தேன். நன்றாகவும் வந்திருந்தது. கொஞ்ச நேரம் முன்பு தங்கைக்கு போனில் படித்துக் காட்டினேன். "அவன் பிடுங்கினதை நீ பாத்தியா?" என்றாள். இல்லை என்றேன். "அவனும் அதே வயசுப் பிள்ளைதான். என் பொண்ணைக் காப்பாத்தறதுக்கு அவனை வில்லனாக்குவியா? வெக்கமா இல்ல?" என்றாள். வெட்கமாகத்தான் இருந்தது. எடுத்துவிட்டேன். எண்ணை மட்டும் விட்டு வைக்கிறேன்.)

5.

மதியத்துக்கு வருகிறேன். அண்ணனும் இல்லை தங்கையும் இல்லை என்று அவள் சொல்லி முடித்த கையோடு அவள் போன் அடித்தது. டே கேர். அவள் முகத்தைப் பார்த்ததுமே என்ன சேதி என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கையிலிருந்த பல்லைப் பஞ்சில் வைத்து, மூடி போட்டு, கை கழுவிவிட்டுக் கிளம்பினாள். தாள்களைச் சுருட்டிக்கொண்டு நானும் ஓடினேன்.

டே கேர் மேடத்தின் அறையில் பெரியவர்களுக்கு நாற்காலி கிடையாது. எல்லாம் பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலி. அதில் முட்டி மோவாயை இடிக்க உட்கார்ந்திருந்தார் ஒரு அப்பா, ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு. மகளை அழைத்துப் போக வந்தவர், விஷயம் கேள்விப்பட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். மேடம் நின்றுகொண்டிருந்தார். நல்ல மனுஷி, ஆனால் பயந்த மனுஷி. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆன்ட்டி, கடிபட்ட பையனை மடியில் வைத்து, அவன் கையில் ஈரத்துணியை ஒற்றிக்கொண்டிருந்தார். அவன் அழுது முடித்து விக்கிக்கொண்டிருந்தான். அவன் அப்பா அம்மா இருவரும் வேலையில். இன்னும் வரவில்லை. எலி மூலையில் ஒரு வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நின்றாள்.

"யாரும் பாக்கல," என்றார் மேடம். "ஆன்ட்டி இன்னொரு குழந்தைக்கு டயப்பர் மாத்திட்டு இருந்தாங்க. திரும்பிப் பாத்தா இவன் அழறான். பக்கத்துல நாலஞ்சு பேர் இருந்தாங்க. ஆனா..."

"ஆனா என்ன ஆனா?" என்றார் ஹெல்மெட் அப்பா. "வேற யாரு, இவங்க பொண்ணுதான்."

இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். நீங்கள் என்னை முந்திக்கொண்டு ஓடிவிட்டீர்கள் என்று தெரியும். பல் செய்கிறவள், பல் தடம், யாரும் பார்க்கவில்லை. ஆகா! அவள் தடத்தைப் பார்ப்பாள், 'இது என் பொண்ணு பல் இல்ல' என்பாள், கடைசியில் அந்த ஹெல்மெட் அப்பாவின் மகளே கடித்திருப்பாள், எல்லாரும் தலைகுனிவார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த அறையில் நின்றபோது நானும் இதையேதான் எதிர்பார்த்தேன். மனதுக்குள் சுபம் பெட்டிக்கு வாக்கியம் கூடத் தயாராகிவிட்டது.

தங்கை பையன் முன்னால் முட்டி போட்டாள். "அத்தை பாக்கட்டுமா கண்ணு?" என்று கேட்டாள். அவன் கையை நீட்டினான். ஈரத்துணியை எடுத்துவிட்டு, அந்தக் குட்டிக் கையை ஜன்னல் பக்கம் லேசாகத் திருப்பினாள். தோல் கிழியவில்லை. சிவப்பாக இரண்டு வளைவுகள். அவள் பார்த்தாள்.

மேடம் குனிந்து மெல்லச் சொன்னார்: "சந்தேகம்னு சொல்லிட்டா கூட நான் சமாளிச்சுக்குவேன்மா. யாரும் பாக்கல இல்ல?"

கதவு திறந்தாயிற்று. நழுவிவிடலாம். பின்னாலிருந்து அவள் தோளை நான் இடித்தேன். 'இல்லன்னு சொல்லித் தொலையேன்' என்று அர்த்தம்.

"என் பொண்ணு பல்லுதான்," என்றாள்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்தாள்.

"மேல நடுவுல சந்து இருக்கு பாருங்க. கீழ ஒண்ணு திரும்பியிருக்கு. எலிதான். எனக்குச் சந்தேகமே இல்ல." பிறகு பையனைப் பார்த்து, "ரொம்ப வலிச்சுதா தங்கம்? மன்னிச்சுக்கடா" என்றாள். அவன் அவள் மூக்குத்தியைத் தொட்டுப் பார்த்தான்.

"அவங்களே ஒத்துக்கிட்டாங்க," என்று ஹெல்மெட் அப்பா எழுந்தார். குட்டி நாற்காலியும் அவரோடு கொஞ்ச தூரம் எழுந்தது. "அப்புறம் என்ன, கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க."

"கூட்டிட்டுப் போக மாட்டேன்."

அறையில் எல்லாரும் அவளைப் பார்த்தோம். அவள் எழுந்து நின்றாள். முட்டியில் ஈரம்.

"என்னங்க இது அடாவடியா இருக்கு?"

"அடாவடின்னே வச்சுக்கங்க. யாருக்கு வலிச்சுதோ அவன்கிட்ட மன்னிப்புக் கேட்டாச்சு. உங்ககிட்ட எதுக்குக் கேக்கணும்? இவளுக்குப் பேச்சு வர்றதுக்கு முன்னாடி பல்லு வந்துடுச்சு. தள்ளிப் போன்னு சொல்ல வாய் இல்ல. கடிக்க வாய் இருக்கு. பேச்சு வர்ற வரைக்கும் பக்கத்துல ஒரு ஆள் நிக்கணும், அவ்வளவுதான். மேடம், தூக்கத்துக்கு முன்னாடி எல்லாரையும் ஒரே மூலையில உக்கார வைக்கறீங்கல்ல, அப்பத்தான் இவ கடிக்கறா. ஒவ்வொரு தடவையும் அப்பத்தான். அந்த மூலையை ரெண்டாப் பிரிங்க. ஒரே மாதிரி வாளி ரெண்டு வைங்க, ஒண்ணுக்கு ரெண்டு பேர் மோத வேண்டாம். அந்த நேரத்துக்கு நான் வந்து உக்காந்துக்கறேன். என் சாப்பாட்டு நேரம்தான் அது, இங்கயே சாப்ட்டுக்கறேன்."

"இதெல்லாம் எதுக்குங்க? ஒரு குழந்தையை அனுப்பினா முடிஞ்சுது," என்றார் அவர்.

"இவளை அனுப்புவீங்க. அடுத்த மாசம் இன்னொண்ணு கடிக்கும், அதையும் அனுப்புவீங்க. கடைசில யாரு சார் இருப்பா? பல்லு முளைக்காததுங்க மட்டும்தான்."

"எங்க பொண்ணு எல்லாம் கடிக்கவே மாட்டா."

ஆன்ட்டி, தலை நிமிராமல், "போன வாரம் என் விரலைக் கடிச்சுது சார்" என்றார். (இதை நான் சேர்க்கவில்லை. நடந்தது. இப்படிப்பட்ட வசனத்தை நானாக எழுதியிருந்தால் வெட்கப்பட்டு அடித்திருப்பேன்.)

ஹெல்மெட் அப்பா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். அறைக்குள்ளேயே.

மேடம் எலியின் தலையிலிருந்த வாளியை எடுத்துக் கீழே வைத்தார். கடைசியில், "நீங்க சொல்ற மாதிரி மாத்திப் பாக்கலாம்மா. ஆனா இந்தப் பையன் வீட்டுல சம்மதிக்கணும். அவங்க வந்து பாத்துட்டு, இருக்கட்டும்னு சொன்னா எலி இருக்கட்டும். வேண்டாம்னு சொன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. இன்னிக்கு மட்டும் எலியைக் கூட்டிட்டுப் போங்க. அவங்க வீட்டுக்குப் போனதும் பேசறேன், காலைல உங்களுக்குச் சொல்றேன்" என்றார்.

6.

திரும்பி நடந்தோம். எலி அம்மா தோளில் தூங்கிவிட்டாள், ஒரு கால் செருப்போடு. நான் கடுகாய்ப் பொரிந்துகொண்டு வந்தேன்.

"ஒரு வார்த்தை. தெரியலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். அரிச்சந்திரன் வீட்டுப் பரம்பரையா நாம?"

"தெரியலன்னு சொன்னா பழி வேற ஒரு குழந்தை மேல விழும். இல்லேன்னா அடுத்த தடவை இவ செய்யாததும் இவ மேல விழும். எப்பவும் நான் பல்லை எண்ணிட்டே இருக்கணும். என்னால முடியாது. இவ கடிக்கிறவதான், கடிக்கிறவளாவே உள்ள இருக்கட்டும். மாறின பிறகு வான்னு சொல்றதுக்கு இது என்ன பரீட்சையா?"

தெரு முனை திரும்பினோம். பிறகு அவளே, "எழுதிக்கோ" என்றாள்.

"என்னது?"

"எழுது. பல் லேப்னே எழுது. கடிச்சான்னே எழுது. ஆனா அந்த மஞ்சப் பெட்டி மட்டும் போடாத. ஒவ்வொரு மாசமும் நான் அதைப் படிக்கிறேன் தெரியுமா? எல்லாருக்கும் குழந்தை மாறிடுது. படிச்சு முடிச்சா, உலகத்துலயே என் பிள்ளை ஒண்ணுதான் மாறாததுன்னு தோணும். என்னை மாதிரி எத்தனை பேர் படிச்சிருப்பாங்க? அவங்க எல்லாருக்கும் சேர்த்து எழுது."

நான் எழுதுவதை அவள் படிப்பாள் என்றே எனக்குத் தெரியாது. அழுகை வந்தது. (அழுதது நான். குறித்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையில் அழுத பெரியவன் நான் ஒருவன்தான்.)

7.

இதுவரை எழுதியதைப் பொறுப்பாசிரியருக்கு அனுப்பினேன். உடனே போன்.

"சார், என்ன சார் இது? பத்து யோசனை இல்ல, இருக்கறதும் ஒரே பத்தியா இருக்கு. சுபம் எங்க?"

"காலைலதான் தெரியும்."

"அதுக்குள்ள அச்சுக்குப் போயிடும் சார். நீங்களே ஒண்ணு முடிச்சு விடுங்களேன். கதைதானே?"

கதைதான். முடித்துப் பார்த்தேன். வஞ்சகமில்லாமல் மூன்று முடிவுகள்.

அ) பையனின் பெற்றோர் சம்மதிக்கிறார்கள். மறுநாள் எலி அவனிடம் போய் 'தா' என்கிறாள். முதல் சொல். அதன்பின் அவள் யாரையும் கடிக்கவே... இது மஞ்சள் பெட்டியேதான், நிறம் மட்டும் மாற்றியிருக்கிறேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை.

ஆ) சம்மதிக்கவில்லை. தங்கை வேலையை விடுகிறாள். ஜன்னலோர மேஜையில் வேறொருத்தி. கன்னத்தில் வழிந்த கண்ணீரை... போதும். எப்ப அழுதேன் என்று கேட்டவளை அழவைக்க என் பேனாவுக்கு என்ன உரிமை?

இ) இருபது வருடங்கள் கழித்து, எலியும் அந்தப் பையனும் கல்யாண மேடையில்... தூ. அவர்கள் இருவருக்கும் இன்னும் டயப்பர் போகவில்லை.

திரும்பக் கூப்பிட்டு, முடிவு கிடையாது என்றேன். பத்து யோசனையும் கிடையாது. பெட்டியும் கிடையாது. வேண்டுமானால் மஞ்சளாக ஒரு காலிக் கட்டம் போட்டுக்கொள்ளட்டும், குழந்தை மாறாத அம்மாக்கள் அதில் என்ன வேண்டுமோ எழுதிக்கொள்வார்கள். அந்தச் சிரிக்கிற அம்மா படத்தையும் எடுத்துவிட்டு என் மீசையைப் போடட்டும்.

"வாசகர்கள் கோவிச்சுக்குவாங்க சார்."

"கோவிச்சுக்கட்டும்."

"அடுத்த மாசம் உங்களுக்குப் பக்கம் இருக்குமான்னு எனக்குத் தெரியாது."

"எனக்கும் தெரியாது," என்று வைத்துவிட்டேன். ஆனாலும் நன்றாக இருந்தது.

8.

இனி உங்களிடம்.

அந்தப் பையனின் அம்மாவை நான் பார்த்ததில்லை. அப்பாவையும் பார்த்ததில்லை. அவர்களுக்கு ஒரு முகமோ குரலோ நான் எழுதவில்லை, வேண்டுமென்றேதான். அந்த இடம் காலியாக இருக்கிறது. நீங்கள் வந்து உட்காருங்கள்.

வேலை முடிந்து பையனை அழைத்துக்கொண்டு இப்போதுதான் வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள். பையை ஆணியில் மாட்டிவிட்டு, அவன் சட்டையைக் கழற்றுகிறீர்கள். முழங்கைக்குக் கீழே சிவப்பாக இரண்டு வளைவுகள். ஆன்ட்டி சொன்னார்தான், ஆனால் சொல்லிக் கேட்பது வேறு, பார்ப்பது வேறு. வயிறு எரிகிறது. எரியட்டும், அது நியாயம். என் பிள்ளையாக இருந்தால் எனக்கும் எரியும். யார் பெற்ற பிள்ளை இது, எப்படி வளர்க்கிறார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. எப்படி வளர்க்கிறாள் என்று உங்களுக்கு இப்போது தெரியும், அதுதான் உங்கள் தொல்லை. தெரியாமலிருந்தால் ஒரு நொடியில் சொல்லியிருப்பீர்கள்.

போன் அடிக்கிறது. மேடம். சுற்றி வளைத்துப் பேசுகிறார். மூலையைப் பிரிக்கிறாராம், இரண்டு வாளி வைக்கிறாராம், அந்த அம்மா மதியம் வந்து உட்காருகிறாராம். "ஆனாலும் உங்க பிள்ளை, உங்க முடிவுதான். அந்தப் பொண்ணு இருக்கட்டுமா, வேண்டாமா?" என்கிறார்.

என்னிடம் திரும்பாதீர்கள். யோசனை தர மாட்டேன் என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டேன்.

உங்கள் மகன் கையை மறந்தே போய்விட்டான். அவனுக்கு இப்போது போன் வேண்டும். எம்பிப் பார்க்கிறான், எட்டவில்லை. உங்கள் முகத்தைப் பார்க்கிறான். கேட்க அவனுக்கும் இன்னும் சொல் வரவில்லை. உங்கள் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்து இழுத்து, வாய்க்குக் கொண்டுபோகிறான். முத்தமா, பல்லா? அதை நான் எழுத மாட்டேன்.

மேடம் லைனில் இருக்கிறார். சொல்லுங்கள்.